பெட்டி வைத்தியர்

மேஜைக் கணினி என்னும் சாதனம் நடுத்தரக் குடும்பங்களில் குடிபுகுந்த நாள்முதலாக, அதன் உபயோகத்தை அறிந்தவர்களைக் காட்டிலும் அதன் உபாதைகளை அறிந்தவர்கள் நம்மிடையே வெகு துரிதமாகப் பெருகிவிட்டார்கள். இவர்களைப் பெட்டி வைத்தியர்கள் என்று அழைப்பது பொருத்தம். தெருவுக்கு ஒருவராவது இருப்பார். தெரு நீளமானதாயிருந்தால் இருவர் இருப்பர், ஆனால் அவ்விருவருக்குள் பேச்சுவார்த்தை இராது.

குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் வாசம் செய்யும் வைத்தியரை இந்த வர்க்கத்தின் உத்தமப் பிரதிநிதியாகக் கொள்ளலாம். அவர் கணினிப் பொறியியல் படித்தவரல்லர். படித்திருந்தால், தமக்குத் தெரியாதவை எவை என்ற விவரமாவது அவருக்குத் தெரிந்திருக்கும். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். அந்த அலுவலகத்துக்கு முதன்முதலாகக் கணினி வந்திறங்கியபோது அதன் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் பாக்கியம் அவருக்கு வாய்த்தது என்பதே அவருடைய கல்வி, அனுபவம், அத்தாட்சி யாவும். ஆயினும் அவரை முற்றும் அறியாதவர் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் சப்ளையின் மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 என்றும், பெட்டி உறங்கும்போதும் ஊதாக் கம்பி மட்டும் 5 வோல்ட்டுடன் விழித்திருக்கும் என்றும் அவர் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார். 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.க்கு 63.5 வாட் சப்ளையே போதுமாயிருந்தது என்பதை எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவர் சொல்லத் தவறியதில்லை. அந்த அரை வாட்டை அவர் விடாமல் அழுத்தி உச்சரிப்பதைக் கேட்கும்போது, அதைத் தம் சொந்தக் கைப்பொருளிலிருந்து கொடுத்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இத்தகைய ஞானத்தோடு அவர் நோயாளியை அணுகும் முறை விசேஷமானது. கணினி உயிர் பெறவில்லை என்று யாரேனும் வந்து முறையிட்டால், அவர் உடனே எழுந்துவிட மாட்டார். கண்களை மூடிச் சற்றுத் தியானித்து, “டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுதா?” என்று வினவுவார். கேட்டது என்றால் எஸ்.எம்.பி.எஸ். போயிற்று என்பார். கேட்கவில்லை என்றாலும் எஸ்.எம்.பி.எஸ். போயிற்று என்றே சொல்வார். ஆனால் சிறிது தாமதித்துச் சொல்வார். அதன் பிறகு சம்பிரதாயத்தை உத்தேசித்து ராம் பலகையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்ப்பதும், பெட்டியின் பின்புறம் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பதும் நடைபெறும். எல்லாவற்றுக்கும் சிகரம் கொண்டை ஊசிப் பரீட்சை. வீட்டு அம்மாளிடம் கொண்டை ஊசி ஒன்றை யாசித்துப் பெற்று, சப்ளையின் 24 முனைச் செருகியில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் அதனால் இணைப்பார். தாய்ப்பலகை இடவேண்டிய கட்டளையை ஊசி இட்டுவிட, விசிறி சுழன்றால் “உயிர் இருக்கு” என்பார். சுழலாவிட்டால் “நான் அப்பவே சொன்னேனே” என்பார். பரீட்சை சாஸ்திரோக்தமானதுதான். சுமை ஏதுமின்றிச் சுழலும் விசிறி, சுமை ஏறிய பின் 12 வோல்ட் 11.4-க்குக் கீழே சரிந்துவிடுமா என்பதைச் சொல்லாது என்ற ஒரு குறையைத் தவிர.

பிறர் வீட்டு நோயாளிகள் அவர் கையில் பிழைத்ததும் உண்டு. பழுதானது மெய்யாகவே சப்ளையாயிருக்கும் சந்தர்ப்பங்கள் குறைவல்ல அல்லவா? வினோதம் என்னவென்றால், அவருடைய சொந்த வீட்டுக் கணினி மட்டும் அடிக்கடி மாண்டுபோகும். சில மாதங்களுக்கு ஒரு முறை ‘டப்’ என்ற சப்தம் மாடியறையிலிருந்து கிளம்பும். கருகிய நெடி படியிறங்கி வரும். நம் வைத்தியர் சட்டையை மாட்டிக்கொண்டு, புதுச் சப்ளை வாங்க மின்சார ரயிலில் ரிச்சி தெருவுக்குப் புறப்படுவார். மாண்ட சப்ளைகளை அவர் எறிந்துவிடுவதில்லை. பரணில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் இறந்த தேதியையும் மரண காரணத்தையும் மைப்பேனாவால் எழுதிவைப்பார். “கண்டென்சர் வீக்கம்”, “தூசி”, “விசிறி நின்றது” என்பன பொதுவான காரணங்கள். ஒன்றின்மேல் “பல்லி” என்று எழுதியிருந்தது. பிரேதப் பரிசோதனையில் உள்ளே பல்லி இருந்தது உண்மையே. ஆனால் பல்லியால் சப்ளை இறந்ததா, சப்ளையால் பல்லி இறந்ததா என்பது இன்றளவும் தீராத விவாதம்.

இந்தப் பரிசோதனைகள் அபாயம் அற்றவை என்று வாசகர் எண்ணிவிட வேண்டாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை மலிவுச் சப்ளையானது முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி இரண்டு பருத்த கெப்பாசிட்டர்களில் (வைத்தியரின் பாஷையில் கண்டென்சர்களில்) தேக்கிவைக்கிறது; செருகியைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சேமிப்பு உடனே வடிந்துவிடுவதில்லை. ஒரு தினம் நம் வைத்தியர் ஸ்க்ரூடிரைவரின் முனையால் அதைத் தீண்டி, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, துவைத்த துணிக் குவியலில் விழுந்தார். எழுந்து உட்கார்ந்ததும், “பார்த்தீங்களா, கண்டென்சர் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ரிச்சி தெரு யாத்திரையைப் பற்றித் தனியே ஒரு நூலே எழுதலாம். சென்னை அண்ணா சாலையை ஒட்டி, வானொலி உதிரிப்பாகங்கள் விற்ற காலந்தொட்டு மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன அந்தச் சந்தில், கைவண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இடையே உடம்பை ஒருக்களித்து நுழைந்து செல்லும்போது அவர் முகத்தில் தோன்றும் பிரகாசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. 450 வாட் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டு 500 ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்கப்படும் சப்ளைகளை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி எடை பார்ப்பார். கனமான சப்ளையில் செம்பும் இரும்பும் தாராளமாயிருக்கும், லேசானதில் லேபிள் மட்டுமே தாராளமாயிருக்கும் என்பது அவர் கொள்கை, அதில் தவறில்லை. ஆனால் கொள்கை கனமானதைக் காட்ட, பணப்பை லேசானதைக் காட்ட, இறுதியில் வெல்வது எப்போதும் பணப்பையே.

“தம்பி, இது நிஜமா 450 வாட் தருமா?”

“போட்டிருக்கே சார்.”

“போட்டிருக்கிறது எனக்கும் தெரியுது. தருமா?”

கடைக்காரப் பையன் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, “காசுக்கேத்த பணியாரம் சார்” என்றான். அவனைப்போல் சுருக்கமாக உண்மை பேசுகிறவர்கள் வியாபாரத்தில் அபூர்வம்.

தம் வீட்டில் மட்டும் சப்ளைகள் அற்பாயுளில் மாள்வதற்கு வைத்தியர் காலந்தோறும் வெவ்வேறு சித்தாந்தங்களை ஸ்தாபித்திருக்கிறார். பெட்டியை மேஜையின் அடியறைக்குள் அடைத்து, மேலே பூப்பின்னல் உறையும் போர்த்தியிருந்ததால் காற்றோட்டமில்லை என்பது முதல் சித்தாந்தம், உறை நீங்கியது. மகன் வாங்கிச் செருகிய கிராபிக்ஸ் கார்டு மின்சாரத்தை அளவின்றிக் குடிக்கிறது என்பது அடுத்தது. கார்டு நீங்கியது, மகனும் சில நாள் பேச்சை நிறுத்தினான். பெட்டியின் தகட்டைத் தொட்டால் சுரீரென்றது. எர்த் இணைப்பு இல்லாத வீடுகளில் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகத் தகட்டில் இவ்வாறு மின்சாரம் கசிவது சகஜம் என்றாலும், அவர் அதை வறண்ட காற்றின் குணம் என்று தீர்மானித்து, மாடியறைக்கு வருவோர் ரப்பர் செருப்பணிந்தே வரவேண்டுமென்று கட்டளையிட்டார். பூஜையறைக்குச் செருப்பைக் கழற்றியும் கணினியறைக்குச் செருப்பை மாட்டியும் செல்லும் குடும்பம் எங்கள் தெருவில் அது ஒன்றே.

கடைசியில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, 80 ப்ளஸ் முத்திரை பொறித்த, விலையுயர்ந்த, கையைக் கீழே இழுக்கும் கனமுடைய சப்ளை ஒன்றை அவர் வாங்கினார். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்ததை நானே பார்த்தேன். அதுவும் ஒரு மார்கழி மாதத்து அதிகாலையில் வெடித்தபோது, அவர் துக்கத்தைவிடத் தத்துவக் குழப்பத்துக்கே அதிகமாக ஆளானார். மலிவானது மாண்டால் மலிவு காரணம். உயர்ந்தது மாண்டால் எதைக் காரணம் சொல்வது?

வைத்தியர் வீட்டு அம்மாள் ஒருவர் இருக்கிறார். கணினியைத் தொட்டறியாதவர், வோல்ட்டும் வாட்டும் அவருக்கு ஒன்றே. அவர் வெகுகாலமாகச் சொல்லிவந்தது இது:

“ஏங்க, பாத்ரூம்ல கீசர் போட்டா பூஜை ரூம் குண்டு பல்பு பளிச்சுன்னு எரியுது. ஃபேன்கூட வேகமா சுத்துது.”

“நல்லதுதானே” என்பார் வைத்தியர்.

“வெந்நீர் மட்டும் சூடாக ஒரு யுகம் ஆகுது.”

“போர் தண்ணி. உப்புப் படிஞ்சிருக்கும்.”

“உங்க பெட்டி வெடிக்கிறதும் காலையிலதான், கவனிச்சீங்களா?”

இதற்கு அவர் பதில் சொல்லமாட்டார், எஸ்.எம்.பி.எஸ். என்ற சொல்லைப் பிரயோகிக்கத் தெரியாதவர்களோடு எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றி விவாதிப்பதில்லை என்பது அவருடைய விரதம். பல்பு அடிக்கடி ஃபியூஸ் போவது கலப்படத்தால், கைப்பேசி சார்ஜர்கள் கருகுவது சீன தேசத்தின் சூழ்ச்சியால், வெந்நீர் சூடாகாதது உப்பினால், சப்ளை வெடிப்பது மேற்கண்ட காரணங்களால் என்று ஒவ்வொரு வியாதிக்கும் தனித்தனியே நிதானம் செய்து வைத்திருந்தார். சுவரில் வரும் மின்சாரத்தை அவர் சோதிக்கவில்லை என்று பழிக்கவும் முடியாது. ஒரு நாள் மத்தியான போஜனத்துக்குப் பிறகு மல்டிமீட்டரை பிளக் பாயிண்டில் செருகிப் பார்த்து, 232 வோல்ட் காட்டியதைக் குறிப்பேட்டில் பதிந்து, அந்த அத்தியாயத்தை நிரந்தரமாக மூடிவிட்டார். மத்தியானத்தில் யார் கீசர் போடுகிறார்கள்?

கீசரைப் பார்ப்பதற்காக அம்மாள் ஓர் எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார். காதில் பென்சிலும் சட்டைப்பையில் டெஸ்டருமாக வந்த அந்த இளைஞர், கீசரை ஒருமுறை போட்டார், பூஜையறைப் பல்பைப் பார்த்தார், சட்டென்று அணைத்தார்.

“த்ரீ ஃபேஸ் வீடா சார்?”

“ஆமாம். ஆனா ப்ராப்ளம் தண்ணில…”

இளைஞர் அதற்குள் மெயின் போர்டைத் திறந்திருந்தார். நியூட்ரல் கம்பியைப் பிடித்திருக்கவேண்டிய திருகு தளர்ந்து, சுற்றிலும் கரிபிடித்து, கம்பி வெறும் மரியாதைக்காக அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒவ்வொரு முனைக்கும் 230 வோல்ட் என்ற பங்கீட்டைக் காத்துநிற்பது நியூட்ரல். அது தளர்ந்துவிட்டால், இரு முனைகளுக்கு இடையேயுள்ள 400 வோல்ட்டை அந்த முனைகளிலுள்ள சாதனங்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ள நேர்கிறது. கீசரைப் போன்ற பெரும்பசிக்காரன் இருக்கும் முனையில் வோல்டேஜ் இறங்கும், ஆகவே வெந்நீர் சுடாது; பல்பும் சார்ஜரும் கணினியும் மட்டுமே இருக்கும் இலேசான முனையில் அது 300-க்கும் மேலே ஏறும், ஆகவே பல்பு பிரகாசித்துச் சாகும். 300 வோல்ட் மாறுமின்சாரம் எந்தச் சப்ளைக்குள் புகுந்தாலும் நேர்மின்சாரமாகும்போது சுமார் 424 வோல்ட். மலிவுச் சப்ளைகளில் தலா 200 வோல்ட் தாங்குமென்று எழுதப்பட்ட அந்த இரண்டு பருத்த கெப்பாசிட்டர்களும் சேர்ந்து 400-க்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தன. அவை வாக்குத் தவறவில்லை.

இளைஞர் மெயினை அணைத்து, கரிந்த பகுதியை வெட்டி, புதுத் திருகில் கம்பியை இறுக்கி, கூடவே பிளக் பாயிண்டில் வெறும் துளையாக நின்றிருந்த எர்த்துக்கும் ஒரு பச்சைக் கம்பியை இழுத்துவிட்டு, 800 ரூபாய் கேட்டார். வைத்தியர் பேரம் பேசாமல் கொடுத்தார். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொண்டுவந்து முதல் டம்ளரை எலெக்ட்ரீஷியனிடம் நீட்டினார்.

இத்தகைய தோல்விக்குப் பின் வேறொருவராயிருந்தால் தொழிலைத் துறந்திருப்பார். நம் வைத்தியர் துறந்தது எஸ்.எம்.பி.எஸ். கோட்பாட்டை மட்டுமே. இப்போது யார் வீட்டுக் கணினி நின்றாலும், டி.வி.யில் கோடு விழுந்தாலும், மிக்ஸி முனகினாலும், கண்களை மூடிச் சற்றுத் தியானித்து, “கீசர் போட்டா பல்பு பளிச்சுன்னு எரியுதா?” என்று வினவுகிறார். எரிகிறது என்றால் நியூட்ரல் என்கிறார். இல்லை என்றாலும் நியூட்ரல் என்றே சொல்கிறார். சென்ற வாரம் எங்கள் வீட்டுக் கணினி நின்றபோதும் அதே தீர்ப்பைத்தான் வழங்கினார். எங்கள் வீட்டில் இருப்பது ஒருமுனை இணைப்பு. போயிருந்தது எஸ்.எம்.பி.எஸ்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு சாதனத்தைப் போட்டதும் வேறு அறையின் விளக்கு காரணமின்றிப் பிரகாசிக்குமானால், அதை முதலில் கவனித்தவர் யாராயிருந்தாலும் அவர் சொல்லைக் கேளுங்கள். மெயினை அணைத்துவிட்டு உடனே எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியனுப்புங்கள். எங்கள் தெருக்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டாம். செய்தி எட்டினால் அவரே வந்துவிடுவார்.