ஓர் அடிக்குறிப்பும் எண்பது நிமிடமும்

அடிக்குறிப்புகளை எழுதியவரே இரண்டாம் முறை படிப்பது அரிது. 1973 மார்ச்சில் டோக்கியோவில் ஓர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து ஜான் ஆண்டர்சன் ஒன்றை ஊன்றிப் படித்துவிட்டார். விளைவு, அவர் பாடகராக இருந்த 'யெஸ்' ராக் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்': இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே பாட்டு, மொத்தம் 80 நிமிடத்துக்கும் மேல்.

புத்தகம், பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்'. திருவண்ணாமலையில் ரமணரைச் சந்தித்ததும் அதில் உண்டு. ஆனால் ஆண்டர்சனைப் பிடித்து உலுக்கியது, சாஸ்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று வகைப்படுத்தும் அந்தக் குறிப்புதான். நம்மூர் உபன்யாசகர் இதை ஒரு வாரத்துக்கு இழுத்திருப்பார். அந்தக் கணக்கில் 80 நிமிடம் சிக்கனம்.

காட்டுக்குள் போய்ப் பதிவு செய்யலாம் என்றார் ஆண்டர்சன். மற்றவர்கள் அசையவில்லை. கடைசியில் லண்டன் மார்கன் ஸ்டுடியோவுக்குள் வைக்கோல் கட்டுகள், வெள்ளை வேலி, அட்டையில் வெட்டிய பசு எல்லாம் வந்திறங்கின. குளியலறையில் பாடினால் குரல் நன்றாக ஒலிக்கிறதென்று அவருக்காக ஓடு பதித்த தடுப்பும் எழுந்தது. கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனுக்கோ பொழுது போகவில்லை. அதே ஸ்டுடியோவில் இருந்த 'பிளாக் சபாத்' குழுவினரிடம் போய் அவர்களுடைய ஒரு பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்தார்.

மான்செஸ்டர் மேடையில் இந்த ஆல்பத்தை வாசித்த கச்சேரிக்கு நடுவே கோழி விந்தாலு வரவழைத்துச் சாப்பிட்ட கதையையும் அவரே சொல்லிச் சிரிப்பார். ஆண்டர்சன் வந்து ஓர் அப்பளத்தை எடுத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து இந்த ஆல்பத்தின் பெயரைச் சொன்னாலே விந்தாலுவும் கூடவே வந்துவிடுகிறது. இசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு தட்டுக்கு அதிகம், இரண்டு தட்டுக்குப் போதாது, அதனால் இட்டு நிரப்பினோம் என்பது வேக்மனின் புகார். பாதி நியாயம்தான். மூன்றாம் பக்கத்தின் முதல் பத்து நிமிடத்தில் பல மொழிகளில் சூரியனின் பெயரை அடுக்கும்போது கேட்பவருக்குக் கடிகாரத்தின் நினைவு வரும். அதைத் தாங்கியவருக்கு, அதே பக்கத்தின் கடைசியில் ஸ்டீவ் ஹோவின் கிட்டார் தனியே, அத்தனை இரைச்சலும் அடங்கியபின், தெளிந்த நீராக வருகிறது. நான்காம் பக்கத்தில் தாளவாத்தியங்கள் மட்டும் மோதிக்கொள்ளும் பகுதி இன்னொரு விருந்து. நறுக்கித் தொகுத்த ஆல்பத்தில் முதலில் கத்தரிக்கப்படுவது இவையாகத்தான் இருந்திருக்கும்.

விமர்சகர்கள் திட்டினாலும் பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது. வேக்மன் 1974இல் குழுவைவிட்டே போனார். போனவர் பலமுறை திரும்பி வந்தார். 1996இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இதன் முதல் பக்கத்தை முழுதாக வாசிக்கவும் செய்தார். 'கீஸ் டு அசென்ஷன்' ஆல்பத்தில் அது இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம்.