கைப்பேசி இருந்தால் போதும்

வாட்ஸ்அப்பில் வரும் வேலைக்குப் படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், முதலீடு வேண்டாம். கையில் ஒரு போன், தினமும் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். நாளொன்றுக்கு இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை வருமானம். அனுப்புகிறவர் எப்போதும் ஒரு 'எச்.ஆர்.' புகைப்படத்தில் வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பல் மருத்துவமனை விளம்பரத்திலிருந்து வெட்டி எடுத்த புன்னகை.

இந்த அழைப்பு வந்து விழுகிற தமிழ்நாடு, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கின்படி 47 சதவீதம் என்று மார்தட்டிக்கொள்கிற மாநிலம். இந்தியா முழுமைக்கும் அது 28தான். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை பி.இ. படிக்கவைத்த வீட்டுக்குள், 'திறமை எதுவும் தேவையில்லை' என்று ஒரு வேலை தேடிக்கொண்டு வருகிறது. கோபப்பட என்ன இருக்கிறது? எதுவும் தெரியாத ஆட்கள் வேண்டும் என்கிறார்கள். நம் கல்லூரிகள் வருடந்தோறும் தடையில்லாமல் சப்ளை செய்கின்றன.

மோசடிக்காரர்களை விடுங்கள், நேர்மையான வழியே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. கேப்ட்சா தட்டச்சு என்று ஒன்று இருக்கிறது. 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிப்பதற்காக இணையதளங்கள் காட்டும் கோணல்மாணல் எழுத்துகளை நாள் முழுக்கப் படித்து அடிக்க வேண்டும். வேலை கொடுப்பது பெரும்பாலும் ரோபோ. அது மனிதனாக நடிப்பதற்கு ஒரு மனிதன் தேவைப்படுகிறான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2010இல் இந்தச் சந்தையை ஆராய்ந்தார்கள். ஆயிரம் கேப்ட்சாவுக்கு ஒரு டாலர், அரை டாலர் என்று விலை போய்க்கொண்டிருந்தது. தரகனின் பங்கும் அதற்குள்தான்.

இன்னும் கௌரவமாக வேண்டுமென்றால் அமேசான் மெக்கானிக்கல் டர்க். படத்தில் பூனை இருக்கிறதா, ரசீதில் தொகை எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் குட்டிக் குட்டி வேலைகள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இதில் பாதிப் பேருக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடக் கிடைப்பதில்லை என்றது. அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர். கூகுள் கருத்துக்கணிப்பில் பதில் சொன்னாலும் காசு உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டு போனில் அது ப்ளே ஸ்டோரில் மட்டுமே செல்லுபடியாகும். ரேஷன் கடையில் பாமாயில் கொடுக்க மாட்டார்கள்.

யூடியூப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நீள வீடியோ போடுகிறவர்களுக்கு ஆயிரம் சந்தாதாரர்களும், ஒரு வருடத்துக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் சேர்ந்தால்தான் விளம்பரக் காசு. அதிலும் நூற்றுக்கு 45 யூடியூபுக்கு. இந்த மேட்டை ஏறிக் கடந்தவர்களில் ஒரு கூட்டம் பிறகு என்ன வீடியோ போடுகிறது தெரியுமா? 'வீட்டிலிருந்தே தினமும் 3,000 ரூபாய், முதலீடு இல்லை, ப்ரூஃப் உடன்.' ஆன்லைனில் சம்பாதிக்கும் வழிகளிலேயே உறுதியான வழி, ஆன்லைனில் சம்பாதிக்கும் வழியை அடுத்தவனுக்குச் சொல்வது. கீழே டிஸ்கிரிப்ஷனில் ஒரு லிங்க். அதை அழுத்தி நீங்கள் சேர்ந்தால் அண்ணனுக்குக் கமிஷன். நீங்கள் கெட்டால் அவர் பொறுப்பில்லை. அதையும் கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்.

இப்போது வாட்ஸ்அப்பில் வந்த அந்த 'டாஸ்க்' வேலைக்கு வருவோம். முதல் நாள் மூன்று வீடியோவுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், பத்தே நிமிடத்தில் ஜிபேயில் 150 ரூபாய் வந்து விழும். நிஜப் பணம். நம்மூரில் சொன்ன நேரத்துக்கு வந்த சம்பளம் பலருக்கும் அதுதான் முதல் தடவை. ஆறு மாதம் இழுத்தடித்த முதலாளியிடம் வேலை பார்த்த பெண் அங்கேயே விழுந்துவிடுகிறாள். மூளையில்லாததால் விழவில்லை. மரியாதையாக நடத்தியதால் விழுகிறாள்.

பிறகு டெலிகிராம் குழு. அதில் இருநூறு பேர் 'இன்று எனக்கு 8,400 வந்தது, நன்றி சார்' என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பலி ஆள் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் நடிகர்கள். ஆயிரம் கட்டினால் 1,300, ஐயாயிரம் கட்டினால் ஆறாயிரத்துச் சொச்சம். திரும்பி வரும். முப்பதாயிரம் கட்டிய அன்று வராது. 'மேடம், தப்பான பட்டனை அழுத்திட்டீங்க. உங்களால டீம்ல மத்த நாலு பேரோட பணமும் மாட்டிக்கிச்சு. அடுத்த டாஸ்க் முடிச்சாத்தான் ரிலீஸ் ஆகும்.' தன் பணத்துக்காக மட்டுமென்றால் அவள் நின்றிருப்பாள். முகம் தெரியாத நாலு பேர் தன்னால் நஷ்டப்படக் கூடாது என்றுதான் செயின் அடகுக்குப் போகிறது, மகளிர் குழுக் கடனும் போகிறது. அடுத்தது வரி, அதற்கடுத்தது கிரெடிட் ஸ்கோர் கட்டணம். கழுத்தும் காதும் மூளியாகும் வரை இல்லாத ஒரு கட்டணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

'மேடம்' என்று தட்டச்சு செய்த விரல்கள் யாருடையவை என்றும் பார்த்துவிடலாம். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று ஏஜென்டுக்கு லட்சங்களைக் கொடுத்துப் போன நம் பையன்கள் மியான்மரின் மியாவடியில் முள்வேலிக்குள் தள்ளப்பட்டார்கள். பாஸ்போர்ட் பறிமுதல். ஆள் பிடிக்காத நாளில் அடி, மின்சார ஷாக். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கூட்டி வந்தார்கள். வேலையில்லாத ஒருத்தியை ஏமாற்ற வேலையில்லாத ஒருவனை அடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். திறமை தேவையில்லை என்று சொன்னது பொய்யில்லை.

டேட்டா என்ட்ரி என்றொரு பழைய பெருச்சாளி இன்னும் உயிரோடு இருக்கிறது. படிக்கவே முடியாத மங்கல் பக்கங்களைக் கொடுத்து, ஐந்து நாளில் 98 சதவீதம் பிழையில்லாமல் அடிக்கச் சொல்வார்கள். எந்தச் சூராதிசூரனாலும் முடியாது. முடியக் கூடாது என்பதுதான் திட்டமே. ஆறாவது நாள் 'வக்கீல் நோட்டீஸ்' வரும். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், ஆறாயிரம் கட்டுங்கள், இல்லாவிட்டால் கோர்ட், வாரண்ட். அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து கல்லூரிப் பெண்கள் கட்டிவிடுகிறார்கள். சம்பளம் தராமல் இருப்பது பழைய முதலாளித்தனம். வேலை செய்தவளிடமே வசூலிப்பதை ஸ்டார்ட்அப் என்பார்கள் போலிருக்கிறது.

உண்மையிலேயே திறமையும் முதலீடும் இல்லாமல் உடனே பணம் வரும் வேலை ஒன்று உண்டு: வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்தால் சில ஆயிரம் ரூபாய். 'கேமிங் கம்பெனி பணம் ப்ரோ, ஒண்ணும் ஆகாது.' அந்தக் கணக்கு வழியாக யாரோ ஒருத்தியின் செயின் காசு ஓடிப்போகும். சில வாரம் கழித்து வேறு மாநிலத்துப் போலீஸ் வந்து நிற்பது, தலைவன் இருக்கும் துபாயிலோ கம்போடியாவிலோ இல்லை. பாலிடெக்னிக் மூன்றாமாண்டு படிக்கும் பையன் வீட்டு வாசலில்.

இத்தனைக்கும் நம் அதிகாரிகள் கண்டுபிடித்த ஒரே காரணம் பேராசை. விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒவ்வொன்றிலும் 'பேராசை பெருநஷ்டம்'. புகார் கொடுக்கப் போனால், 'ஏம்மா, படிச்சவங்கதானே, இப்படியா ஏமாறுவீங்க?' ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் கிடைத்தால் பிள்ளையின் ஸ்கூல் வேன் கட்டணத்தைக் கட்டலாம் என்று நினைப்பது பேராசையாம். தேக்குத் தோட்டத் திட்டங்களில் பணம் போட்டவர்களுக்கும் இதைத்தான் சொன்னார்கள், 2012இல் பெருந்துறையில் ஈமு கோழியில் போட்டு அழுதவர்களுக்கும் இதைத்தான் சொன்னார்கள். ஊர் முழுக்க பேனர் கட்டி, பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்துகொண்டிருந்த நாளெல்லாம் இந்தப் பழமொழி யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மக்களைக் குறை சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. விளம்பரம் பார்த்தால் காசு என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் மீது கோவையில் வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிறுவனத்துக்கு ஆதரவு தெரிவித்தார்கள். விளம்பரம் பார்க்கக் கட்டணம் கட்டி உறுப்பினரானவர்கள் அவர்கள். இந்த ஊரில் சம்பளத்துக்காகவோ காலிப் பணியிடத்துக்காகவோ அப்படி ஒரு கூட்டம் கூடியிருந்தால் அரசே ஆடிப்போயிருக்கும்.

இந்தத் தொழிலில் நிஜமாகவே உட்கார்ந்த இடத்தில் சம்பாதிப்பவர் யார் என்பதை 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் அம்பலப்படுத்தியது. 2024 வருமானத்தில் சுமார் பத்து சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நடத்தும் மெட்டா நிறுவனமே தன் உள் ஆவணங்களில் கணக்குப் போட்டிருந்தது. விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவீதமாவது உறுதியானால்தான் தடை. சந்தேகம் அதைவிடக் குறைவாக இருந்தால் தண்டனையாகக் கூடுதல் கட்டணம். திருடன் என்று சந்தேகம் வந்தால் வாசலிலேயே அதிக டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் ஏற்பாடு. அது தோராயமான, மிகையான மதிப்பீடு என்று மெட்டா விளக்கம் சொன்னது. பேராசை என்ற சொல்லை அவர்களிடம் யாரும் சொல்லிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கணக்கு கொடுத்த பாலிடெக்னிக் பையனுக்கு ரிமாண்ட், கடை விரித்தவருக்குக் காலாண்டு லாபம்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 டிசம்பரில் உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையில் பகுதிநேர வேலை மோசடி நடத்திய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கினார்கள். முடக்கிய கையின் ஈரம் காய்வதற்குள் வேறு பெயரில் புதியவை முளைத்திருக்கும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைத்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தலாம் என்பது உண்மை. உடனே அழைத்தால். பெரும்பாலோர் புருஷனிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டியிருக்கும்.

புகாரைப் பதிந்துவிட்டு, அழுது முடித்து, 'ஏமாந்த பணம் திரும்பக் கிடைக்குமா' என்று கூகுளில் தேடிப் பாருங்கள். மறுநாள் காலை உங்கள் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் காத்திருக்கும். 'சைபர் மோசடியில் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம். நூறு சதவீதம் உத்தரவாதம். பதிவுக் கட்டணம் ரூ.1,999 மட்டும்.'