நாற்பது வாட்ஸ் விற்பனைக்கு

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை விற்கப் புறப்பட்டவருக்கு வரும் முதல் போனில் வணக்கம் இருக்காது. “லாஸ்ட் எவ்ளோ?” என்பதுதான் இருக்கும். பொருளைப் பார்க்கவில்லை, பாட்டுப் போட்டுக் கேட்கவில்லை, முதல் விலையே இன்னும் பேச்சில் வரவில்லை. ஆனாலும் கடைசி விலை தெரிந்தாக வேண்டும்.

மேற்கு மாம்பலத்துக்காரரான நம்மவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பிறர் அடகு வைக்க வந்ததற்கெல்லாம் மதிப்புப் போட்டே காலம் தள்ளியவர். ஆம்ப்ளிஃபையர், எண்பதுகளின் தொடக்கத்தில் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து தூக்கி வந்த ஜப்பான் சரக்கு. அலுமினிய முகப்பு, மெதுவாகத் திரும்பும் கனத்த வால்யூம் குமிழ், அலமாரிப் பலகையே வளைந்துபோகும் எடை. “அந்த இடத்துல ஏர் ஃபிரையர் வைக்கலாம்ங்க” என்று மனைவி சொன்ன நாளில் அதன் ஜாதகம் மாறியது.

விளம்பரத்துக்கு அவர் எழுதிய முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். டிரான்ஸ்ஃபார்மரின் பெருமை, எந்தெந்த இசைத்தட்டு அதில் எப்படி ஒலித்தது, மைத்துனர் சுங்க அதிகாரியிடம் என்ன சொன்னார், எல்லாம் அதில் இருந்தன. மகள் அதைச் சுருக்கி “ஓல்ட் ஆம்ப்ளிஃபையர், குட் கண்டிஷன்” என்று போட்டாள். அந்த ‘ஓல்ட்’ தன்னைச் சொன்னதுபோல் பட்டதில் அவருக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

நேரில் வந்த முதல் ஆள் காதில் கடுக்கன் போட்ட பையன். “எத்தனை வாட்ஸ் அங்கிள்?”

“பக்கத்துக்கு நாற்பது.”

பையன் முகத்தில் அனுதாபம். “என் ஆட்டோவுலயே ஆயிரம் வாட்ஸ் ஓடுது.”

அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது என்பது வேறு கதை. தொண்ணூறுகளில் டேப்ரிக்கார்டர் பெட்டி மீதெல்லாம் ஒட்டியிருந்த பிஎம்பிஓ என்ற கணக்கின் வாரிசு அது. ஒரு கண நேரத்தில் உச்சபட்சமாக என்ன வரும் என்று கற்பனை செய்து, எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்துக் கூட்டி, மனசுக்குத் தோன்றிய ஏதோ ஒன்றால் பெருக்கினால் கிடைக்கும் எண். நம்மவருடைய நாற்பது அப்படிப்பட்டதல்ல. தொடர்ந்து, சிதையாமல் தரும் நாற்பது. இந்த வாட்ஸ் பொய் பொறுக்காமல்தான் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974-லேயே ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்களுக்கு விதி போட்டது. அப்போது பிரிட்டிஷ் நிறுவனமாக இருந்த நாட் 1978-ல் கொண்டுவந்த 3020 என்ற மாடல் காகிதத்தில் வெறும் இருபது வாட்ஸ். உலகெங்கும் சக்கைப்போடு போட்டது. இதையெல்லாம் அவர் விளக்கத் தொடங்கினார். வாட்ஸ் இரண்டு மடங்கானால் மூன்று டெசிபல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும் என்ற கட்டம் வந்தபோது பையன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

உண்மையில் மாம்பலத்து ஃபிளாட்டில் பாட்டுக் கேட்க ஒரு வாட் தாராளம். அதைத் தாண்டினால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். மிச்சம் முப்பத்தொன்பது வாட்ஸும் இத்தனை வருஷமாக வைப்புநிதி போலச் சும்மாதான் கிடந்தன.

அடுத்து சவுண்ட் சர்வீஸ்காரர். பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “மைக் எங்க சார் சொருகறது? பேட்டரில ஓடுமா?” என்றார். அவர் தொழிலுக்கு அஹூஜா மாதிரியான செட்தான் சரி: மைக் துளைகள், பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு இணைப்பு, தெருக்கோடிவரை கம்பி இழுத்துக் குழாய் ஸ்பீக்கர் கட்ட நூறு வோல்ட் லைன். ஜப்பான் சீமாட்டியிடம் இதில் எதுவும் கிடையாது. “ஆடி மாசம் கரண்ட் போனா அம்மன் பாட்டு நின்னுடுமே சார்” என்று உண்மையிலேயே வருத்தப்பட்டுப் போனார்.

பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டவர் ஒருவரும் உண்டு. ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றல் வந்துவிட்டதாகவும், வண்டி அனுப்பிப் பெட்டியை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். பணம் வர வேண்டுமானால் தான் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட வேண்டுமாம். யுபிஐ-யில் பணம் வாங்க ரகசிய எண்ணே தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. இது தெரியாமல் இருக்க நம்மவர் என்ன மேனேஜர் நாற்காலியைச் சும்மாவா தேய்த்தார்? எதிர்முனையைப் பிடித்து உட்காரவைத்து வாடிக்கையாளர் விழிப்புணர்வு வகுப்பே எடுத்துவிட்டார். கடைசியில் போனை வைத்தது மோசடிக்காரர்தான்.

இவர்களுக்கு நடுவே ஒரே ஒருவர் பெட்டியைக் காதால் கேட்க வந்தார். சொந்த சிடி பிளேயர், சொந்த ஒயர், சொந்த சிடி. கண்ணை மூடி ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டார். “மிட் ரேஞ்ச்ல லேசா ஒரு வெட்கம் இருக்கு, அதுவும் அழகுதான்” என்றார். இரண்டு காபி, ஒரு அடை. நம்மவர் நெகிழ்ந்துபோய் விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்தார். “ஐயோ, எங்கிட்ட நாலு இருக்கு சார். சும்மா கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

பழைய இரும்புக்காரரையும் விட்டுவிடக் கூடாது. பெட்டியை ஒரே தூக்கில் தூக்கி, குலுக்கி, கிலோ கணக்கில் விலை சொன்னார். டிரான்ஸ்ஃபார்மருக்குள் செம்பு இருப்பதால்தான் அந்த விலையும். அன்று ராத்திரி நம்மவர் அலமாரிக்குப் பூட்டுப் போட்டார்.

கடைசியில் வாங்கியது கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் ஒரு பெண். தாத்தாவின் ரெக்கார்ட் பிளேயர் அவளுக்கு வந்திருந்தது. புதிய செட்கள் பலவற்றில் போனோ இணைப்பு இல்லை. இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். தட்டில் பதிக்கும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டியிருப்பார்கள். அதைப் பெருக்கி, நேர் செய்து தரும் வேலையைப் பழைய ஆம்ப்ளிஃபையர் தன் வயிற்றுக்குள்ளேயே செய்துவிடும். “போனோ இருக்கா அங்கிள்?” என்று அவள் கேட்டதும் நம்மவர் கண் கலங்கியதாக மனைவி சொல்கிறார், தூசி என்கிறார் அவர்.

நிபந்தனைகள் நீண்டன. மேலே துணி போட்டு மூடக் கூடாது, சூடு வெளியே போக வேண்டும். வால்யூம் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடிக்க வேண்டும். பின்னால் இருக்கும் வோல்டேஜ் சுவிட்சை 110-க்குத் தள்ளினால் நம்மூர்க் கரண்டில் புகைதான் வரும் என்று சொல்லி, அதன் மேல் டேப்பும் ஒட்டினார். அவள் சொன்ன விலைக்கே கொடுத்தார். ஆட்டோ வரை தானே தூக்கிப்போய், டிரைவரிடம் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னார்.

அலமாரியில் ஏர் ஃபிரையர் ஏறியது. அதன் இரு பக்கமும் துவாரபாலகர்களாக ஸ்பீக்கர்கள் நின்றன. அவளிடம் வேறு ஜோடி இருந்ததால் இவை தங்கிவிட்டன.

“இது ரெண்டும் இனிமே எதுக்கு?” என்றார் மனைவி.

“அதுக்கு என்ன குறை? ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்தா அருமையாப் பாடும்.”

ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்பதால் சனிக்கிழமையே கிளம்பினார்.