ஐபி 67 அண்ணன்

ஜோகூர் பாருவில் மழை பிடித்துக்கொண்டால் மோட்டார்க்காரர்கள் ஒதுங்குவதற்கென்றே மேம்பாலங்களைக் கட்டியிருக்கிறார்களோ என்று தோன்றும். தம்போய் பக்கம் போனாலும் சரி, பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் போனாலும் சரி, பாலத்தடியில் நாற்பது ஐம்பது கப்சாய் மோட்டார்கள் வரிசை கட்டி நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஐபி 67 அண்ணன் ஒருவராவது கட்டாயம் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் பின்பெட்டியைத் திறந்து மழைக்கோட்டை எடுப்பார்கள். அண்ணன் திறந்தால் முதலில் வருவது ஓட்டல் அறையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த குளியல் தொப்பி. அடுத்து தே ஐஸ் கட்டித் தருகிற பிளாஸ்டிக் பை இரண்டு, ரப்பர் பேண்டு, கறுப்பு டேப். கைப்பிடியருகே பொருத்தியிருக்கும் யூஎஸ்பி சாக்கெட்டுக்கு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திவிடுவார். அதற்குள் அவருடைய சட்டை பிழிகிற பதத்துக்கு வந்திருக்கும். மழைக்கோட்டு பெட்டிக்குள் பத்திரமாக, காய்ந்துபோய்க் கிடக்கும்.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "நாம நனைஞ்சா துவட்டிக்கலாம்லா தம்பி. இது நனைஞ்சா போச்சு."

அண்ணனுக்கு வயது நாற்பதுக்கு மேல். சிங்கப்பூரின் துவாஸில் கிடங்கு வேலையாக இருக்கலாம், செனாயில் தொழிற்சாலையாக இருக்கலாம். எந்த வேலை என்றாலும் விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர். அங்கேதான் வானம் அவரோடு வம்புக்கு நிற்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்தால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமாத்திராப் புயல்காற்று. மலாக்கா நீரிணையைத் தாண்டி வருகிற இந்த மழைக்கூட்டம் பெரும்பாலும் விடியலுக்கு முன்போ விடியும் நேரத்திலோ வந்து இறங்கும். ஆக, சாக்கெட்டுக்கு ஓய்வு கொடுக்கும் மாதமென்று ஜோகூரின் நாட்காட்டியில் எதுவும் கிடையாது.

சாக்கெட் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். கைப்பேசிக்கு உயிர் வேண்டுமே! 2024 முதல் சிங்கப்பூரின் தரைவழிச் சோதனைச் சாவடிகளில் கடப்பிதழுக்குப் பதிலாகக் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டும் முறை வந்திருக்கிறது. எல்லைப் பாலத்தில் எங்கே நெரிசல் என்று பார்க்க வேண்டும். மழை எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மழை வருகிறதா என்று பார்க்கக் கைப்பேசி, கைப்பேசிக்காக சாக்கெட், சாக்கெட் நனையாமலிருக்க மழை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணன் இந்த வட்டத்துக்குள் பல வருடங்களாகச் சுற்றிவருகிறார். இன்னும் தலை சுற்றவில்லை. 2021இல் ஆப்பிள் நிறுவனமே, சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுத்துவிடலாம் என்று எச்சரித்தது. அண்ணனிடம் சொன்னேன். "அது பெரிய மோட்டாருக்கு. நம்ம கப்சாய் தாலாட்டுத்தான் பாடும்" என்றார். அவருடைய கைப்பேசி எடுக்கும் படங்களில் எல்லோரும் லேசாக ஆடிக்கொண்டிருப்பதை நான் சுட்டிக்காட்டவில்லை.

அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சாக்கெட்டை ஷாப்பியில் வாங்கியபோது அட்டையில் 'ஐபி 67' என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து அந்த எண்ணை அவர் குலதெய்வத்தின் பெயர்போல உச்சரிக்கிறார். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் கேடு செய்யும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது. "மோட்டாரோட ஆத்துல விழுந்தாகூட அரை மணி நேரத்துக்குப் பயமில்ல" என்பார். ஆற்றில் விழுந்த அந்த அரை மணி நேரத்தில் யாருக்கு அழைப்பு எடுக்கப்போகிறார் என்பது வேறு விஷயம்.

இதில் அவர் கவனிக்காத நுணுக்கம் இரண்டு உண்டு. முங்குவதைத் தாங்குகிறது என்பதற்காக, பீய்ச்சியடிப்பதையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. தரவிதிப்படி பீய்ச்சலுக்கான சோதனை தனி. அதற்கு ஐந்து, ஆறு என்று வேறு எண்கள். நெடுஞ்சாலையில் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, முன்னால் போகிற லாரியின் சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் குளத்துத் தண்ணீர் அல்ல. இன்னொரு நுணுக்கம் இதைவிடக் கொடுமை. சாக்கெட்டின் மூடி இறுக்கமாக மூடியிருக்கும்போதுதான் அந்த எண் செல்லும். சார்ஜ் ஏற்ற வேண்டுமென்றால் மூடியைத் திறந்து கேபிளைச் செருக வேண்டும். ஆக, பாதுகாப்பாக இருக்கும்போது சாக்கெட் பயன்படாது. பயன்படும்போது பாதுகாப்பு இருக்காது.

மழைத்தண்ணீர் சுத்தமாக இருந்தால் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் சாலையில் தெறிப்பது புழுதியும் எண்ணெயும் உப்பும் கலந்த ரசம். அது ஐந்து வோல்ட் முனைகளுக்கிடையே தேங்கினால் மின்பகுப்பு தொடங்கிவிடும். நேர்முனை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, செம்பு பச்சை பூத்துப்போகும். ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் எந்த மழையைத் திட்டுவது என்றும் தெரியாது. அண்ணன் எல்லா மழையையும் திட்டுவார்.

அதோடு விட்டாரா? ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், சாக்கெட்டின் பின்புறம் முழுவதையும் குளியலறைக்கு அடிக்கும் சிலிக்கோன் வைத்துப் பூசி மெழுகிவிட்டார். மோட்டாரைச் சுற்றி ஊறுகாய் வாசனை. அண்ணி அச்சார் ஜாடிதான் உடைந்துவிட்டதென்று சமையலறையெல்லாம் தேடியிருக்கிறார். அந்த வகை சிலிக்கோன் காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடும். வாசனைக்குக் காரணம் அதுதான், செம்புக் கம்பியை அரிப்பதும் அதுதான். மழை ஒரு வருடத்தில் செய்யக்கூடியதை அண்ணன் தன் கையாலேயே பண்டிகைக்குள் செய்து முடித்தார்.

அடுத்தது பெட்டிக் காலம். சாப்பாட்டு டப்பா ஒன்றுக்குள் சாக்கெட், ஃபியூஸ் எல்லாவற்றையும் அடைத்து, காற்றுகூடப் போகாதபடி ஒட்டினார். பார்ப்பதற்குக் கச்சிதம். வெயிலில் நின்ற மோட்டாரின் டப்பாவுக்குள் காற்று சூடேறி விரியும். எந்த ஒட்டிலும் இருக்கும் மயிரிழை இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறும். திடீரென்று மழை கொட்டினால் உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கி, வெளியே இருக்கும் தண்ணீரை அதே இடுக்கு வழியாக உறிஞ்சிக்கொள்ளும். வந்த தண்ணீருக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது டப்பாவுக்குள் கொசுப்புழு வளர்க்கலாம் போலிருந்தது. சுகாதார இலாகா ஆட்கள் கண்ணில் பட்டிருந்தால் அபராதமே போட்டிருப்பார்கள்.

இதற்கிடையே பேட்டரி தனியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கப்சாயின் பேட்டரி ஐந்து ஆம்பியர்-மணியைத் தாண்டுவது அரிது. மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கைப் போட்டுத்தான் ஓட வேண்டும். மோட்டாரின் சின்ன ஜெனரேட்டருக்கு அதுவே பெரும்பாடு. அண்ணன் சாக்கெட்டைச் சாவியோடு சேர்க்காமல் நேரே பேட்டரியில் கொடுத்திருந்தார். சாக்கெட்டில் வோல்ட் காட்டும் நீல விளக்கு வேறு. இருபது மில்லியாம்பியர்தான் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பத்து நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி காலி. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஈப்போ போய்த் திரும்பியபோது மோட்டார் செத்துக் கிடந்தது. "பாத்தியா, உள்ள தண்ணி போயிருக்கு" என்றார் அண்ணன். அந்தப் பத்து நாளும் ஜோகூரில் சொட்டு மழை இல்லை.

கடைசியில் ஸ்கூடாயில் ஒரு பட்டறைத் தவுக்கே, தன் வாடிக்கையாளரின் வேதனை தாங்காமல் சாக்கெட்டை டப்பாவோடு கழற்றினார். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி விளக்குக் கவசத்துக்குள் தள்ளி மாட்டினார். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும்படி இணைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைத்தார். முனைகளில் வெள்ளைக் கிரீஸ் கொஞ்சம். கம்பியை நேரே கொண்டுவராமல் கீழே ஒரு தொய்வு விட்டு மேலே ஏற்றினார். கம்பி வழியே வரும் தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிப் போய்விடும். டப்பாவின் அடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டபோதுதான் அண்ணனுக்கு நெஞ்சு வலியே வந்துவிட்டது.

"தவுக்கே, தண்ணி போவும்!"

"போகட்டும். வெளியே போகத்தான் ஓட்டை."

அடுத்து வந்த பருவமழை முழுவதும் சாக்கெட் சத்தமில்லாமல் வேலை செய்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. பாலத்தடியில் அண்ணனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. டேப் இல்லை, பை இல்லை, தொப்பி இல்லை, விளக்கம் சொல்ல ஒன்றுமே இல்லை. புதிதாக மோட்டார் வாங்கிய பையன் ஒருவன், "அண்ணே, உங்க சாக்கெட் எப்படி நனையாம இருக்கு?" என்று கேட்டதற்கு, "ஓட்டை போட்டேன்" என்று சொல்ல வேண்டிய நிலைமை. பையன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்து போனான். இத்தனை வருட ஆராய்ச்சியின் முடிவு ஓர் ஆணியின் முனையில் இருக்கிறது என்பதை மனிதர் எப்படித்தான் ஒத்துக்கொள்வார்? எனக்குச் சந்தேகம் உண்டு: அண்ணன் போராடியது மழையோடுதான், ஆனால் ஜெயிப்பதற்காக இல்லை.

இப்போது பின்னால் உட்கார்ந்து வரும் அண்ணியின் ஹெல்மெட்டில் ப்ளூடூத் பேசும் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறார். மழைக்குத் தாங்குமா என்று பார்க்க, குழாயைத் திறந்துவிட்டு ஹெல்மெட்டை அடியில் பிடித்துச் சோதனையும் நடந்தது. அண்ணி அதன் ஐபி எண் என்ன என்று கேட்கவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் அண்ணன் பேசுவது கேட்காது என்று மட்டும் கேட்டார்.