பெயரில்லாத ஹீரோவுக்கு எத்தனை மார்க்?

வீடியோ கேமை வைத்து எடுத்த மாயாஜாலப் படம் எது வந்தாலும், தீர்ப்புச் சொல்ல எங்கள் வீட்டில் இரண்டு நீதிபதிகள். ஒருவன் என் அக்கா மகன். கேமை முழுக்க ஆடி முடித்தவன். அதனால் திரையில் எது வந்தாலும் "இது இப்படி இல்லையே" என்பான். இன்னொருவர் நான். கம்ப்யூட்டரில் சீட்டு அடுக்கும் ஆட்டத்தைத் தாண்டாதவன், அதனால் எது வந்தாலும் "இது ஏன் இப்படி?" என்பேன். எங்கள் பெஞ்சில் எந்தப் படமும் லேசில் தப்பாது. ஊவே போல் என்ற இயக்குநர் எடுத்த 'இன் தி நேம் ஆஃப் தி கிங்' மட்டும் எங்கள் இருவரையும் குழப்பிவிட்டது.

2007-ல் தயாராகி, அமெரிக்கத் தியேட்டர்களுக்கு 2008 ஜனவரியில் வந்த படம். மூலம், 2002-ல் வெளியான 'டஞ்சன் சீஜ்' என்ற கேம். ஹீரோ ஜேசன் ஸ்டேதம். கார் ஓட்டிக்கொண்டே நாலு பேரை உதைக்கும் ஆசாமியை இதில் வயலில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். தொழில் விவசாயம். பெயர் ஃபார்மர். மனைவிக்கு சொலானா என்று அழகான பெயர் இருக்கிறது. வில்லனுக்கு இருக்கிறது, வில்லனின் கையாளுக்கு இருக்கிறது. இவருக்கு மட்டும் தொழிலே பெயர். எம்.ஜி.ஆர். 1967-ல் 'விவசாயி' என்றே ஒரு படத்தில் நடித்தார். அதில்கூட அவருக்குத் தனியாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏண்டா, ஹீரோவுக்குப் பேரு வைக்கக்கூடவா நேரமில்ல?"

"கேம்லயும் அவன் வெறும் விவசாயிதான் மாமா. பேரை நாமதான் டைப் பண்ணிக்கணும்."

கோளாறு முழுக்க இங்கேதான் இருக்கிறது. கேமில் அந்தக் காலி இடம் ஒரு வசதி. ஆடுகிறவன் தன் பெயரையோ, தன்னை ஃபெயிலாக்கிய வாத்தியார் பெயரையோ எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவான். கதை மெலிந்திருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. வெட்டுவது அவன் கை, சாவது அவன் உயிர். சினிமாவிலோ கையைக் கட்டிக்கொண்டு 2 மணி 7 நிமிடம் உட்காரச் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தக் காலி இடத்தில் ஒரு மனிதனை வைத்தாக வேண்டும். போல் அதைக் காலியாகவே படம்பிடித்து, மேலே ஸ்டேதமின் முள்தாடியை ஒட்டிவிட்டார்.

கேம் ஒன்றும் அப்படிக் கைவலிக்க ஆடும் கேம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டஞ்சன் சீஜ் மேல் அன்றைக்கே இருந்த புகார், அது பாதி தன்னைத்தானே ஆடிக்கொள்கிறது என்பதுதான். போக வேண்டிய இடத்தைக் கிளிக் செய்துவிட்டால் கூட்டாளிகள் பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கலாம். அதாவது, ஏற்கெனவே அரை சினிமா. அதில் சுமை தூக்க ஒரு கோவேறு கழுதையைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எதிரி கிட்டே வந்தால் உதைக்கவும் செய்யும். ஆடியவர்கள் கதையை மறந்தாலும் கழுதையை மறப்பதில்லை. படத்தில் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி வேடமில்லை. கேமிலிருந்த ஒரே குணச்சித்திரப் பாத்திரத்தையும் கோட்டை விட்டுவிட்டார்களே என்று அக்கா மகனுக்கு இன்றுவரை ஆற்றாமை.

கதை? க்ரக் என்ற மிருகப் படை கிராமத்தைத் தாக்குகிறது. மகன் சாகிறான், மனைவியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஃபார்மர் புறப்படுகிறார். கெட்ட மந்திரவாதி, ராஜாவுக்கு விஷம் வைக்கும் சொந்தக்காரப் பிரபு, நல்ல மந்திரவாதி, அவருக்கு ஒரு மகள். விட்டலாச்சார்யா படம் பார்த்து வளர்ந்தவனிடம் இதை எத்தனை நேரம் மறைக்க முடியும்? "காணாமப் போன இளவரசன் இவன்தான் பாரு" என்றேன். "சஸ்பென்ஸைக் கெடுக்காதீங்க மாமா" என்றான். கடைசியில் இளவரசனேதான். கையில் பச்சை குத்திக் காட்டாதது ஒன்றுதான் குறை.

இந்த மாதிரிப் படங்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: நடிகர்களில் யாருக்குத் தாம் எந்தப் படத்தில் இருக்கிறோம் என்று தெரிகிறது? ராஜா வேடம் பர்ட் ரெனால்ட்ஸுக்கு. அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வருத்தமாக இருக்கிறார். விஷம் ஏறிப் படுக்கையில் விழுந்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் நிம்மதி. கெட்ட மந்திரவாதி ரே லியோட்டா, 'குட்ஃபெல்லாஸ்' நாயகன். அவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு, நியூயார்க்கில் பாக்கி வசூலிக்கும் தொனியிலேயே மந்திரம் போடுகிறார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் கோடரி ஏந்திய கிம்லியாக வந்த ஜான் ரைஸ்-டேவிஸுக்கு இங்கே மந்திரவாதியாகப் பதவி உயர்வு. துரோகிப் பிரபுவாக வரும் மேத்யூ லில்லார்ட் ஒருவர்தான் முழுசாகப் புரிந்து நடித்திருக்கிறார். நெளிகிறார், கத்துகிறார், அழுகிறார். அவர் வரும்போதெல்லாம் அக்கா மகன் போனைக் கீழே வைத்தான்.

சண்டைக் காட்சிகள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. அமைத்தவர் 'ஹீரோ' படத்தின் சிங் சியூ-துங். ஆனால் அவரைக் கூப்பிட்டால் அவர் வழக்கம்தானே வரும்? ஐரோப்பியக் காடு, இரும்புக் கவசம், குதிரை. நடுவில் நிஞ்ஜாக்கள் குட்டிக்கரணம் அடிக்கிறார்கள்.

"இவங்க எங்கேர்ந்துடா வந்தாங்க?"

"காட்லேர்ந்து."

காலி இடத்தை நிரப்பித்தான் தீர வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்லும் நான், 2016-ல் வந்த 'வார்கிராஃப்ட்' என்ற இன்னொரு கேம் படத்தையும் பார்த்திருக்கிறேன். இயக்குநர் டங்கன் ஜோன்ஸ் தாமே கேம் பித்தர். அங்கே காலி இடமே கிடையாது. அசராத், ட்ரேனார், டலரான், கராசான் என்று முதல் பாதியிலேயே அட்லஸ் தேவைப்பட்டது. அக்கா மகன் காதுக்குள் உரை சொல்லிக்கொண்டே வந்தான். அமெரிக்காவில் சுமார் 4.7 கோடி டாலர்தான் தேறியது. சீனாவில் 20 கோடிக்கு மேல். டுரோடன் என்ற ஓர்க், கோரைப்பல் நீட்டிய கம்ப்யூட்டர் உருவம், அந்தப் படத்தின் மனிதர்கள் எல்லாரையும்விட மனிதனாக இருந்தான். மார்க் போட்டால் அதற்குத்தான் அதிகம் போடுவேன். மறுபடி ஒன்றைப் பார் என்றால் ஃபார்மரைத்தான் பார்ப்பேன்.

போலின் படத்துக்குத் தீர்ப்புச் சொல்வதில் உடல்ரீதியான ஆபத்தும் உண்டு. மனிதர் ஜெர்மனியில் இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கூடவே குத்துச்சண்டையும் பழகியவர். தம் படங்களைக் கிழித்த விமர்சகர்களை 2006-ல் மேடைக்கு அழைத்தார். விளம்பரத்துக்கான வேடிக்கை என்று நினைத்து வந்தவர்களும் உண்டு. போல் வேடிக்கையாகக் குத்தவில்லை. வந்த எல்லாரையும் ஜெயித்தார். வசூல் அவ்வளவு அடங்கவில்லை: சுமார் 6 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வந்தது 1.3 கோடி. ஜெர்மானிய முதலீட்டாளர்களுக்குப் படத்தில் போட்ட பணத்தை வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகை அப்போது இருந்ததால் யாரும் மாரில் அடித்துக்கொண்டு அழவில்லை. ராஸி விருதுக் குழு 2008-ன் மோசமான இயக்குநர் விருதோடு, மோசமான வாழ்நாள் சாதனைக்கும் ஒன்று கொடுத்தது. 43 வயதில் வாழ்நாள் சாதனை!

"சரி, பத்துக்கு எத்தனை?" என்றேன்.

"நீங்க?"

"லில்லார்டுக்கு ரெண்டு, சண்டைக்கு ரெண்டு. ரெனால்ட்ஸ் படுத்த விதத்துக்கு ஒண்ணு."

"கழுதைக்கு ஒண்ணு கழிச்சுக்குங்க" என்றான். பிறகு ஏதோ தேடிப்பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "மாமா, டைரக்டர்ஸ் கட் ஒண்ணு இருக்கு. அரைமணி நேரம் கூடுதலாம்."

"கழுதை வருதா?"

"போடட்டுமா?"

போடச் சொன்னேன்.