தலைக்கு என்ன போடறீங்க?

எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் சோப்புக்கு இடமில்லாமல் போனதற்குத் தலைதான் காரணம். கழுத்துக்குக் கீழே மொத்த உடம்புக்கும் ஒரே சோப்புக் கட்டி. கழுத்துக்கு மேலே மட்டும் ஷாம்பு, கண்டிஷனர், சீரம், ஞாயிற்றுக்கிழமை பூசுகிற மாஸ்க், பொடுகு வந்தால் ஒன்று, அது போனபின் திரும்பி வராமலிருக்க இன்னொன்று. வெங்காய எண்ணெய் வேறு. சாம்பாரில் நாலு சின்ன வெங்காயம் கூடப் போட யோசிக்கிறவள், அதைத் தலையில் தேய்க்க 400 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக் கட்டினேன். இனி தலைக்கு ஒரே பொருள். ஈரோட்டுக்காரிக்கு அது என்ன என்பதில் குழப்பமே இல்லை: அரப்பு. உசில மரத்து இலையை உலர்த்திப் பொடித்தால் அரப்பு. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பார்கள். பெயர், விளம்பரம், பளபளப்பான கூந்தலோடு திரும்பிப் பார்க்கிற நடிகை, எதுவும் கிடையாது.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. குறைத்துக்கொள்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், கூட்டிக் கொடுக்க ஊரே வரும்.

முதலில் என் மாமியார். "அரப்பு முடியை வறட்டிப் போடும் கண்ணு. சீயக்காய் ஒண்ணு போதும்" என்றார். சரி, ஒன்றுதானே என்று உட்கார்ந்தேன். "அதுகூட ஒரு படி பாசிப்பயறு. கொஞ்சம் வெந்தயம். பூந்திக்கொட்டை, கொட்டையை எடுத்துட்டுத் தோலு மட்டும். ஆவாரம்பூ. செம்பருத்தி எலை. பூலாங்கிழங்கு. எலுமிச்சந்தோலு, நெழல்ல காயணும். காஞ்ச ரோசாப்பூவு. வெட்டிவேரு. கார்போக அரிசி. அவ்வளவுதான், ரொம்ப சிம்பிளு."

அந்த சிம்பிளை மொட்டை மாடியில் ஒரு வாரம் காயவைத்தோம். அணில் பாசிப்பயறை மட்டும் பொறுக்கித் தின்றது. அதற்கு எளிமை தெரிந்திருந்தது.

காய்ந்ததை அரைக்க மில்லுக்குப் போக வேண்டும். மாவு அரைக்கிற மிஷினில் சீயக்காய் போட விடமாட்டார்கள். அடுத்து வருகிறவர் வீட்டுச் சப்பாத்தி கசக்கும். அதற்கென்று ஓரமாக ஒரு மிஷின். மில்காரர் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, கோதுமைக்கு நிற்கிறவர்களைப் பார்த்து, "சித்த வெளிய போயிருங்க" என்றார். ஒரு கிழவர் மட்டும் நகரவில்லை. மிஷின் ஓடிய நேரமெல்லாம் தும்மினார். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில், "மொளகாயே தேவலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. காரம் இருந்தால்தான் சரக்கு நல்ல சரக்காம்.

அந்த டப்பா மாமியாருடையதாகவே இருக்கட்டும் என்று அவரிடமே கொடுத்துவிட்டு, நான் அரப்புக்குத் திரும்பினேன்.

அடுத்து ஊட்டம். தலைமுடிக்கு ஊட்டம் குறைகிறது என்று சொல்லாத ஆளில்லை. முட்டை பூசு, தயிர் பூசு, வாழைப்பழம் பிசைந்து பூசு. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி, உயிர் போன கெரட்டின். அதன் உயிரெல்லாம் தோலுக்குள்ளே வேரில் இருக்கிறது. வெட்டினால் வலிக்காத பொருளுக்கு வாழைப்பழம் எதற்கு? நான் சாப்பிட்டால் வேருக்காவது போய்ச் சேரும். உதிர்வதும் அப்படித்தான். ஒரு தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கும். நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதை என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சீப்பிலிருந்து உருவிய சுருளை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இதையும் அந்த டாக்டருகிட்டயே காட்டு" என்றாள்.

அரப்பில் ஒரே சங்கடம், நுரை வராது. அழுக்கை எடுக்கிற சபோனின் அதிலும் உண்டு, சீயக்காயிலும் உண்டு. ஆனால் ஷாம்பு மாதிரி பொங்காது. நம் தலைமுறைக்கு நுரை இல்லாவிட்டால் குளித்த மாதிரியே இல்லை. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் குடும்பத்தார் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துப் பெட்டிக்கடைக்கு அனுப்பினார்கள். 1980-களில் அது சரம் சரமாகத் தொங்கிய நாளிலிருந்து நமக்கு இந்தப் பழக்கம். அழுக்குப் போவதற்கும் நுரை பொங்குவதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்று புத்திக்குத் தெரியும். கை மட்டும் இன்னும் கொஞ்சம் பொடியை அள்ளும்.

பொடியைத் தண்ணீரில் குழைத்தால் தலையில் நிற்காமல் வழியும். வடிகஞ்சியில் குழைத்தால்தான் பிடிக்கும். எங்கள் வீட்டிலோ குக்கர். குக்கரில் ஏது கஞ்சி? ஆகவே பாத்திரக்கடைக்குப் போய் ஒரு சோத்துப் பானையும் வடிதட்டும் வாங்கி வந்தேன். குளியலறையில் காலியான இடம் அடுப்படியில் நிரம்பிவிட்டது. சாதம் பொலபொலவென்று இருக்கிறது என்று வீட்டுக்காரர் மெச்சினார். அதற்குக் காரணம் என் தலை என்று நான் சொல்லவில்லை.

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. "அம்மா, உம்மேல மாட்டுத் தீவன வாசம்" என்றாள். பெண்கள் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் நக்கீரர் சிவபெருமானோடு மோதிய கதையை அவளுக்குச் சொல்லி, 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தையும் போட்டுக் காட்டினேன். நாகேஷைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். முடிந்ததும், "அந்தச் சபையில ஒருத்தராவது மோந்து பார்த்தாங்களா?" என்றாள். நக்கீரருக்கே தோன்றாத கேள்வி.

போன முகூர்த்தத்தில் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரப் பெண் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, தலைக்கு என்னங்க போடறீங்க?"

"அரப்புத்தாங் கண்ணு."

"அதுகூட?"

"வடிகஞ்சி."

"அது சரிங்க. அதுகூட?"

"வேற ஒண்ணுமில்லை."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "சொல்லப் பிரியமில்லீன்னா உடுங்கக்கா" என்று இலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாளும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்யாண வீட்டில் எதற்குப் பொல்லாப்பு?

"கருஞ்சீரகம் கொஞ்சம் சேப்பேன்" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். சாப்பிடாத கையால் போனை எடுத்தாள். நான் வெட்டிவேர் சொன்னேன், பூலாங்கிழங்கு சொன்னேன், கார்போக அரிசி சொன்னேன். மாமியார் பட்டியல் பாயசம் வருகிற வரைக்கும் தாராளமாகக் காணும்.

"கருஞ்சீரகத்தை வறுக்கோணுமுங்களா, பச்சையாவா?"

"வறுக்கோணும்" என்றேன். "வாசம் வர்ற வரைக்கும்."