வினாத்தாள் எழுதும் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஸ்பீடோமீட்டர் வேகத் தேர்வின் கூட்டு நிர்வாகக் குழு (ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோசில்லா).

பொருள்: பிரவுசர்களின் அன்றாடத் தகுதியை அளப்பதில் காணப்படும் விடுபடல்கள் தொடர்பாக.

மாட்சிமை பொருந்திய குழுவினருக்கு,

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் பிரவுசர் எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பதை மதிப்பெண்ணாகத் தரும் ஸ்பீடோமீட்டர், 2014-இல் ஆப்பிளின் வெப்கிட் அணியால் தொடங்கப்பட்டு, 2024 மார்ச்சில் வெளியான மூன்றாம் பதிப்பில் நான்கு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக உயர்ந்திருப்பது முதற்கண் பாராட்டுக்குரியது. தேர்வு எழுதவிருக்கும் மாணவர்களே ஒன்றுகூடி வினாத்தாளைத் தயாரிப்பதும், பெரிய திருத்தம் எதுவானாலும் ஒருவர் மனமும் கோணாதபடி ஒருமித்து முடிவெடுப்பதும் எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை எட்டாத உயரங்கள். மாணவர்கள் நால்வரானாலும் மூளை மூன்றுதான் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. பக்கத்தை வரைந்து காட்டும் உள் இயந்திரமாகிய எஞ்சினை மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசர் 2020 ஜனவரி முதல் குரோமின் மூலமான குரோமியத்திடமிருந்தே பெற்றுக்கொள்கிறது.

முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே என்பதை மறுப்பதற்கில்லை. ஆப்பிளுக்கு சன்ஸ்பைடர், மோசில்லாவுக்கு கிராக்கன், கூகுளுக்கு ஆக்டேன் என்று வீட்டுக்கொரு வினாத்தாள் இருந்த காலம் அது. அவற்றுள் ஆக்டேனை 2017-இல் கூகுளே ஓய்வுபெறச் செய்தது. அந்தத் தேர்வில் மதிப்பெண் கூட்டுவதற்கென்றே எஞ்சின்களில் செய்யப்பட்ட முடுக்கங்கள் உண்மையான தளங்களுக்குப் பயன்படாமலும், சில இடங்களில் கேடாகவும் முடிந்தன என்பதே காரணம். மனப்பாடத்தின் தீமையை மாணவரே உணர்ந்து விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த நிகழ்ச்சி கல்வி வரலாற்றில் அரிது.

இனி வினாக்களுக்கு வரலாம். இத்தேர்வின் பெரும்பகுதி, செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்றில் வரிகளைச் சேர்ப்பது, முடிந்ததாகக் குறியிடுவது, பிறகு நீக்குவது என்ற செயலை, மனிதக் கை எட்டமுடியாத வேகத்தில், வெவ்வேறு நிரல் கட்டமைப்புகளில் திரும்பத் திரும்பச் செய்விப்பது. மூன்றாம் பதிப்பில் வரைபடங்களும் உரைத் தொகுப்பிகளும் செய்தித் தளம் போன்ற பக்கங்களும் சேர்ந்துள்ளன. ஆனால் காலை 10 மணிக்கு ஏசி வகுப்புக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் ரயிலின் தட்கல் முன்பதிவு திறக்கும்போது சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பயணிக்கு, காத்திருப்பின் பெரும்பங்கு தொலைவிலுள்ள சர்வரின் நெரிசலாலும் வலையமைப்பின் தாமதத்தாலும் நேர்கிறதே தவிர, பட்டியலில் வரி சேர்க்கும் திறமைக் குறைவால் அன்று. மதிப்பெண் கூடிய பிரவுசரில் அந்த வட்டம் இன்னும் வழவழப்பாகச் சுழலக்கூடும் என்பது உண்மைதான்.

நிலைத்தன்மை, அதாவது தொடங்கிய வேலை முடியும்வரை பிரவுசர் குலையாமல் நிற்பது, இந்த மதிப்பெண்ணுக்குள் வருவதில்லை. பழைய போன் ஒன்றில் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்புபவர், தந்தையின் பெயர், கதவு எண், பின்கோடு ஆகியவற்றையெல்லாம் தட்டி முடித்து, ஓடிபி எண்ணைப் பார்ப்பதற்காகக் குறுஞ்செய்திப் பக்கம் போய்த் திரும்புகிறார். அதற்குள் நினைவகம் போதாமல், பின்னணியில் இருந்த டேப்பை அமைப்பு கைவிட்டிருக்க, பக்கம் மறுபடி ஏற்றப்பட்டு, படிவம் துடைத்துவிட்ட கரும்பலகையாய் நிற்கிறது. இங்கே எதுவும் செயலிழக்கவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. பிரவுசர் மிக விரைவாகவே ஒரு வெற்றுப் படிவத்தைக் காட்டியிருக்கிறது. கையிலுள்ள ஓடிபி எண் மட்டும் இன்னும் சில நிமிடங்களுக்குச் செல்லும்.

பாதுகாப்போ இதனினும் நுட்பமானது. அதற்குரிய விலை நினைவகத்தில்தான் செலுத்தப்படுகிறது. 2018-இல் ஸ்பெக்டர் என்னும் நுண்செயலிக் குறைபாடு வெளியானபின், ஒரு தளத்தின் தரவை இன்னொரு தளம் எட்டிப்பார்க்காதபடி ஒவ்வொன்றையும் தனிச் செயல்முறையில் அடைக்கும் தளப் பிரிப்பு, குரோம் 67-இல் கணினிகளுக்குப் பரவலாக இயக்கப்பட்டபோது, நினைவகச் செலவு 10 முதல் 13 விழுக்காடு கூடும் என்று கூகுளே கணக்குச் சொன்னது. மறு ஆண்டு குரோம் 77 வழியாக ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது, குறைந்தது 2 ஜிபி நினைவகம் உள்ள போன்களில், கடவுச்சொல் இடும் தளங்களுக்கு மட்டும் அது வழங்கப்பட்டது. கதவுக்குப் பூட்டு வேண்டுமானால் வீடு குறிப்பிட்ட சதுரஅடிக்குக் குறையலாகாது என்பது போன்ற இவ்விதி பொறியியல் நோக்கில் நியாயமானதே. சிறிய வீட்டுக்காரர் பார்வையில் என்ன என்பதைக் குழு எண்ணிப் பார்க்கலாம்.

பாதுகாப்பை ஓட்டைகளின் எண்ணிக்கையால் அளப்பதும் பொருந்தாது. யாரும் தேடிப்பார்க்காத பிரவுசரில் ஓட்டையே பதிவாகாது. திருத்தம் பயனரின் கருவிக்கு வந்துசேர எத்தனை நாளாகிறது என்பதே உருப்படியான அளவு. குரோமியத்தின் திருத்தங்கள் திறந்த மூலநிரலில் எல்லோர் கண்ணிலும், திருடர் கண்ணிலும்கூடப் படும்படி வெளியாகின்றன; அவ்விடைவெளியைக் குறைக்கவே குரோம் 2023 ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறது. அதே எஞ்சினைக் கடன்வாங்கிய மற்ற பிரவுசர்கள் எத்தனை நாள் பிந்துகின்றன என்ற வினா பொதுத்தேர்வு எதிலும் இடம்பெறக் காணோம்.

ஆகவே, டேப்புகளை மூடிச் சார்ஜரைச் செருகி மதிப்பெண் எடுக்கும் வழக்கத்துக்கு மாற்றாக, அடுத்த பதிப்பின் ஒரு தாளையாவது 2 ஜிபி போனில், 15 விழுக்காடு பேட்டரியில், வாட்ஸாப் திறந்திருக்க, பாதி நிரப்பிய படிவத்தோடு நடத்துமாறு குழு பணிவுடன் வேண்டப்படுகிறது. அத்தாளை ஆட்சேபிக்கும் உரிமை மாணவர்களுக்கு வழக்கம்போல் உண்டு.

இங்ஙனம்,
மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத பயனர்கள் சார்பில்.

இணைப்பு: நிரப்பப்பட்டிருந்த விண்ணப்பப் படிவம் ஒன்று (தற்போது வெறுமை).